சுல்தான் கும்பிட்ட கல்

தெய்வானை தன் புருஷனோடு நேராகப் பேசிப் பதினேழு வருஷம் ஆகிறது. அதற்காக வாய் பேசாமல் இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். கோழியிடம் பேசுவாள், சட்டியிடம் பேசுவாள், கதவிடம் பேசுவாள். “இந்த அடுப்புக்கு விறகில்லையே” என்று அடுப்பிடமே சொல்வாள். சற்று நேரத்தில் நாகலிங்கம் விறகு கொண்டுவந்து போடுவான். இப்படியும் ஒரு குடித்தனம் நடக்குமா என்று கேட்டால், நடந்தது. கடல் கடந்த தீவு ஒன்றில், வடக்கே குட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில், குதிரை லாயத்தை ஒட்டிய தகர வீட்டில் நடந்தது.

இப்போது நடுக்காட்டில் கோழிக்கும் சட்டிக்கும் எங்கே போவது? அதனால் தான் ஏறியிருந்த சாம்பல்நிறக் குதிரையிடம் பேசினாள்.

“ஏ சுல்தான், உன் ஆளுகிட்ட சொல்லு. இடுப்பு கழண்டு போச்சு. கொஞ்சம் நிக்கச் சொல்லு.”

முன்னால் மிமி என்ற பெண்குதிரையில் போய்க்கொண்டிருந்த நாகலிங்கம் திரும்பிப் பார்க்காமலே கடிவாளத்தை இழுத்தான். “சரி, நிப்போம்” என்று மிமியிடம் சொல்லிவிட்டு இறங்கிவந்து சுல்தானைப் பிடித்துக்கொண்டான். தெய்வானை அரிசி மூட்டையை இறக்குவதுபோல் தன்னைத் தானே இறக்கிக்கொண்டாள்.

கோபம் எதற்கு என்றால், முப்பத்தேழாம் வருஷம் தோட்டங்களெல்லாம் கொந்தளித்தபோது, இவர்கள் தோட்டத்தில் ஓர் ஆள் விடாமல் அரிவாளைக் கீழே போட்டார்கள். நாகலிங்கம் மட்டும் வழக்கம்போல லாயத்துக்குப் போனான். “மிஸ்யேகிட்டதானே சண்டை? குதிரை என்ன பண்ணுச்சு?” என்றான். மறுநாள் அந்த மிஸ்யே, தோட்டத்து மேனேஜர், அதே சுல்தான்மேல் ஏறிக் கூட்டத்துக்குள் புகுந்தார். அப்போது சுல்தான் இளங்குதிரை. தெய்வானை தடுமாறி விழுந்து எழுந்தபோது அதன் வயிற்றில் சேணவார் கட்டியிருந்த முடிச்சைக் கண்டாள். அது அவள் புருஷன் போடும் முடிச்சு. அன்றைக்கு மூடிய வாய்தான். குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டால் விலகிப்போன அவமானம் வேறு.

இப்போது ஐம்பத்து நாலு. மேனேஜருக்கு ஜீப் வந்துவிட்டது. கிழட்டுக் குதிரைகளைச் சுட்டுவிடச் சொன்னார். நாகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று இரண்டையும் கேட்டு வாங்கிவிட்டான். மாயெபூரில் அவன் சிநேகிதன் ரோபெருக்குக் கடலோரம் புல்வெளியும் மாடுகளும் இருந்தன. ஆளுக்கு வேலையும் குடிசையும், குதிரைகளுக்குப் புல்லும் தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

தெய்வானை சட்டியிடம் தன் முடிவைச் சொன்னாள். “நீயும் நானும் ரோஸ் பெல் வரைக்கும்தான். தங்கச்சி கண்ணம்மா வீட்டுல இறங்கிக்கலாம். அதுக்கு அப்புறம் யார் எங்க போனா நமக்கென்ன.”

நாகலிங்கம் கேட்டுக்கொண்டான். மறுப்புச் சொல்லவில்லை. தெற்கே இறங்கும் வழியில் மாயெபூருக்குச் சற்று முன்னால்தான் ரோஸ் பெல். அதுவரைக்கும் மூன்று நாள் இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ. அறுவடைக் காலம், சாலையெல்லாம் கரும்பு லாரி. லாரியைக் கண்டால் மிமி மிரளும். ஆகையால் தீவின் நடுவே காட்டு வழியாகப் போக வேண்டும் என்றும், இரண்டு குதிரைகளை ஒற்றை ஆளாக ஓட்டிப்போக முடியாது என்றும் சுவரிடம் சொன்னான். அவனும் கற்றுக்கொண்டிருந்தான். மிமிக்குப் பழகின கை வேண்டும், எனவே தெய்வானைக்குச் சுல்தான்தான். எந்தக் குதிரையைக் கண்டால் அவளுக்கு எரியுமோ அதன் முதுகிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

முதல் நாள் முழுக்க ஏற்றம். மேட்டு நிலத்தை எட்டியபோது பனி இறங்கிவிட்டது. மிமியின் வால் தெரிந்தது, அதற்கு மேல் ஒரு முதுகு தெரிந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. குளம்புச் சத்தமும் அமுங்கிப்போயிற்று. தெய்வானை பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது பாதையின் இருபுறமும் சீனக் கொய்யாப் புதர், சின்னச் சின்னச் சிவப்புப் பழம், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். அவளை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. குனிந்து வெட்டச் சொல்லவில்லை. நாற்பது வயதில் முதல்முறையாக அவள் உட்கார்ந்திருக்க, உலகம் அவளைக் கடந்து போயிற்று.

இரண்டாம் நாள் இடுப்பு தானாகவே குதிரையின் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது. மிட்லண்ட்ஸ் பக்கத்துக் காடுகளில் மான்கள் நின்று பார்த்துவிட்டு, இவர்களால் ஆபத்தில்லை என்று மறுபடி மேய்ந்தன. எங்கோ தண்ணீர் விழும் சத்தம் ஒரு மணி நேரம் கூடவே வந்தது. அருவி கண்ணில் படவேயில்லை. அவள் சேணத்திலேயே தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள். எது கனவில் வந்த மரம், எது வழியில் வந்த மரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எப்போது விழித்தாலும் எதிரே அந்த முதுகு இருந்தது. சட்டையில் தோள்பட்டை கிழிந்திருந்தது. அதைத் தைத்துக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்து, நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஒருமுறை விழித்தபோது அவள் மடியில் ஒரு கை கொய்யாப்பழம் இருந்தது. யார் வைத்தார்கள் என்று சுல்தானிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கரிமூட்டம் போடுகிறவர்கள் விட்டுப்போன குடிசையில் தங்கினார்கள். நாகலிங்கம் இருமினான்.

“சுல்தான், இருமுறவங்களைக் கம்பளி போத்திக்கச் சொல்லு.”

அவன் போர்த்திக்கொண்டான். அவளுக்கு வருத்தம் என்று ஒன்று இருந்தால், அது அவனைப் பிரிவதற்காக அல்ல, முனீஸ்வரனைப் பிரிவதற்காக. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த முனீஸ்வரன் வந்தது ஒரு கதை. வேலைநிறுத்தத்துக்கு மறுவருஷம் மேனேஜருக்கு ஒரு வெறி பிடித்தது. எந்த வயலில் எந்தப் பெண் அசந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று குதிரையேறித் தேடுவார். பிடிபட்டவளுக்கு மறுநாள் வேலை இல்லை. ஆனால் அதே வருஷம் ஓர் அதிசயமும் தொடங்கியது. அவர் வந்து சேருமுன்பே, கரும்புக்கு அப்பாலிருந்து சுல்தான் கனைத்துவிடும். “சுல்தான் கூப்பிட்டான், எந்திரிங்கடி!” பெண்கள் எழுந்து அரிவாளை எடுத்துக்கொள்வார்கள். சுல்தான் நேரே வந்து, வயலோரம் குவித்திருக்கும் கருங்கல் குவியலுக்கு முன்னால் நின்று தலையைத் தாழ்த்தும். மேலிருந்து சவுக்கடி விழுந்தாலும் நிமிராது. வெள்ளைக்காரன் குதிரையே கும்பிடுகிறது என்றால் அந்தக் கல்லில் இருப்பது முனீஸ்வரன்தான், வேறு யார்? குங்குமம் வைத்தார்கள். அடுத்த மாதம் வேறு வயலில் வேறு குவியலைக் கும்பிட்டது. அங்கேயும் குங்குமம். இப்படி ஒரே தோட்டத்தில் பதினொரு முனீஸ்வரன்.

தெய்வானைக்கு அந்த முனீஸ்வரன்மேல் உயிர். ஒருநாள் ஜுரத்தோடு சருகில் சுருண்டு கிடந்தவளை அந்தக் கனைப்புதான் எழுப்பிக் காப்பாற்றியது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கற்பூரம் ஏற்றி, இரண்டு வாழைப்பழம் வைத்து, “உன் கருணையில கொஞ்சம் என் வீட்டு ஆம்பளைக்கும் குடு சாமி” என்று வேண்டுவாள். மறுநாள் பழம் இருக்காது. சாமி எடுத்துக்கொண்டதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

மூன்றாம் நாள் உச்சிவேளைக்குக் காடு முடிந்தது. கீழே வெயிலில் கரும்பு, அதற்கும் கீழே ரோஸ் பெல் கூரைகள். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது சுல்தான் காதை நிமிர்த்திக் கனைத்தது.

கரும்புக்கு அந்தப் பக்கம் சலசலப்பு. வழி திரும்பியதும் பார்த்தால், ஏழெட்டுப் பெண்கள் அவசரமாக எழுந்து நிற்கிறார்கள். ஒருத்தி தலைத்துணியை இறுக்குகிறாள். ஒருத்தி வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்குகிறாள். எல்லார் கண்ணும் தெய்வானைமேல். அந்தக் கண்களில் இருந்த பயம் அவளுக்குத் தெரிந்த பயம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “உக்காருங்கம்மா, நானும் உங்களாட்டம்தான்” என்றாள்.

சுல்தானோ அவள் இழுப்பைக் கேட்கவில்லை. நேரே கல்குவியலுக்குப் போய்த் தலையைத் தாழ்த்தியது.

“ஐயோ, குதிரை சாமி கும்பிடுதுடி!” என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தி. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தெய்வானையும் கைகூப்பத்தான் போனாள். ஆனால் இதுவரை கீழே நின்று பார்த்ததை இப்போது மேலேயிருந்து பார்த்தாள். குதிரை கும்பிடவில்லை. நாக்கை நீட்டிக் கல்லிடுக்கில் துழாவிக்கொண்டிருந்தது. இந்த இடுக்கு, அந்த இடுக்கு. ஒன்றும் அகப்படவில்லை. தலையைத் தூக்கி, ‘எங்கேயப்பா?’ என்பதுபோல நாகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

நாகலிங்கம் திருட்டு விழி விழித்தான். பிறகு மிமியிலிருந்து இறங்கி, கால்சட்டைப் பையிலிருந்து ஓர் உப்புக்கட்டியை எடுத்துக் கல்லிடுக்கில் வைத்தான். சுல்தான் சாவகாசமாக நக்கித் தின்றது.

பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். வயலைத் தாண்டிய பிறகு தெய்வானை குதிரையிடம் கேட்டாள்.

“சுல்தான், தினம் விடியறதுக்கு முன்னாடி உப்பு வச்சது யாரு?”

நாகலிங்கம் மிமியின் காதைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். “எந்த வயல்ல பொம்பளைங்க வேலைன்னு முதநாளே தெரியும். போய் வச்சிடுவேன். ஆள் கூட்டமும் கல்லும் கண்டா உப்பு இருக்கும்னு அது பழகிக்கிச்சு. உப்பு நெனப்பு வந்தா கத்தும். அவ்வளவுதான்.”

“சொல்றதுக்கென்ன?”

“கங்காணி சிர்தார் காதுல விழுந்தா முடிஞ்சுது. சரி, கொஞ்ச நாள் போகட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்கல்லாம் குங்குமம் வச்சிட்டீங்க. சாமின்னு ஆனப்புறம் அது உப்புன்னு நான் எப்படிச் சொல்றது?”

முதலில் அவளுக்கு வந்தது கோபம். பதினேழு வருஷத்தை இப்படி வாயடைத்தே தின்றுவிட்டானே மனுஷன்! அடுத்து வெட்கம். யாருக்குக் கருணை கொடு என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வேண்டினாளோ, அவன் செய்ததற்குத்தான் அந்தக் கற்பூரம் எரிந்திருக்கிறது. பிறகு வந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை.

வழி பிரியும் இடம் வந்தது. இடது கைப் பக்கம் கண்ணம்மாவின் வீட்டுப் புகை தெரிந்தது. நாகலிங்கம் இறங்கி, சுல்தானின் சேணத்தில் தன் கையால் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். சட்டியும் துணியும் இருந்த மூட்டை அதில்தான் தொங்கியது.

“என்னங்க.”

அவன் கை நின்றது. சுற்றிலும் பார்த்தான். கோழி இல்லை, கதவு இல்லை. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வச்ச வாழைப்பழத்தையெல்லாம் தின்னது யாரு?”

நாகலிங்கம் சுல்தானின் கழுத்தைத் தடவினான்.

“ஒண்ணு சுல்தான்” என்றான். “ஒண்ணு நான்.”

தெய்வானை சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“முடிச்சை இறுக்குங்க” என்றாள். “மாயெபூர் போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரமாகும்?”