பொன்னுராஜ் சாரின் உலகத்தரம்

பண்ணைப்புரத்தில் சினேகாவின் வீட்டுக்குள் நெட் எட்டாது. அதனால் கம்பம் திராட்சை வியாபாரம் பற்றிய குழுக் கட்டுரை முழுவதையும் ஃபோனிலேயே தனியாக எழுதி முடித்து, தேனியில் உள்ள கல்லூரிக்குப் போகும் பேருந்தில் சிக்னல் கிடைத்தபோது, குழுவின் ஆன்லைன் ஃபைலில் மொத்தமாக ஒட்டினாள். குழுவில் இருந்த ஜாஸ்பர் தலைப்பைச் சிவப்பாக்கினான். பிறகு நீலமாக்கினான், மறுபடி சிவப்பாக்கினான்.

உலகத்தரத்தில் பாடம் நடத்துவதாகப் பேராசிரியர் பொன்னுராஜே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அந்தத் தரத்தின்படி, ஃபைலில் யார் அதிகத் தடவை கைவைத்தார்களோ அவர்களுக்கே மதிப்பெண்.

"ஜாஸ்பர் ராப்பகலா உழைச்சிருக்கான். சினேகா, நீ ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்திருக்க. இப்படியே விட்டா உனக்கு இன்டர்னல்ல பாஸ் கிடையாது."

"சார், எழுதுனதே நான்தான். அவனையே கேளுங்க."

"எழுதுறத யாரு வேணா எழுதலாம்மா. கூடி வேலை பாக்கணும். திங்கக்கிழமை மறுபடி பாப்பேன்."

வெளியே வந்ததும் ஜாஸ்பர், "சார் சொன்னாகன்னு மூஞ்சியத் தூக்காத ஆத்தா. வேணும்னா தலைப்ப நீ பச்சையாக்கிக்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றான் பெருந்தன்மையாக.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, முதல் பத்தியின் கடைசி முற்றுப்புள்ளியை அழித்தாள். மறுபடி வைத்தாள். அழித்தாள். ஊர் வண்டி ஒன்று போயிற்று, அடுத்ததும் போயிற்று. கொட்டாவி விட்டபடி இரண்டாம் பத்திக்கு வந்தபோது, ஃபைலின் ஓரத்தில் சாரின் குறிப்பு வந்து விழுந்தது: "சபாஷ் சினேகா! இப்போதுதான் கட்டுரைக்கு உயிர் வருகிறது."