ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராவதற்கென்றே நாலு வருடப் பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது. அதில் நான் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தெட்டு. முதல் நாள் கல்லூரி வாட்ச்மேன், "தங்கச்சிய சேர்க்க வந்தீங்களா சார்?" என்று கேட்டு நாற்காலியெல்லாம் போட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி வருடப் பயிற்சிக்கு மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளி கிடைத்தது. மூன்று மாதம், இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒரு நாள் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வார். அவர் முன்னால் நாற்பது நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். ஐம்பது மார்க்.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதே பாடத்தை ஒரு வாரமாகப் பிள்ளைகளிடம் ஓட்டிப் பார்ப்போம். எங்கே கை தூக்குவது, எங்கே கோரஸாகச் சொல்வது, எல்லாம் ஒத்திகை. ஒத்துவராத பிள்ளையை அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவோம். சீனியர் ஜெயப்பிரகாஷ் டீக்கடையில் வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தான். குழந்தை உளவியல் பேப்பரில் அவன் காலேஜ் ஃபர்ஸ்ட்.

என் பாடம் உப்பு. உப்பளத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட, கடையில் உப்புப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போன அறிவாளி நான். சார்ட்டில் கடல், சூரியன், மேலே போகும் அம்புக்குறி எல்லாம் வரைந்திருந்தேன்.

ஒத்திகையில் கேட்டேன்: "உப்பு எப்படிக் கிடைக்கிறது?"

"கடல்நீர் ஆவியாகிக் கிடைக்கிறது!" என்று வகுப்பே கத்தியது. அருள்மொழி மட்டும் எழுந்து நின்றாள். ஏழு வயது, உப்பளத்தில் வேலை செய்யும் ஜெயாவின் மகள்.

"மொதல்ல பாத்திய மிதிக்கணும் சார். மிதிக்கலன்னா தண்ணி கீழ போயிடும். உப்பு வராது."

"சரிம்மா, உக்காரு."

மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் முன்னால் வந்து மிதித்தே காட்டினாள். வகுப்பு சிரித்து உருண்டது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் சார்ட்டில்தான் அதற்கு இடமில்லை.

தேர்வுக்கு முதல் நாள் அவளைத் தனியே கூப்பிட்டேன். "நாளைக்கு மட்டும் வீட்ல இரும்மா. நீ வந்தா சாருக்கு மார்க் போயிடும்."

"சரி சார்," என்று தலையாட்டினாள். கோபம்கூட இல்லை.

தேர்வு அமோகம். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

மறுநாள் அருள்மொழி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தலைமையாசிரியை மெஹரூன்னிசா டீச்சர் தினமும் கேட்டார். "தம்பி, அந்தப் புள்ள எங்க? போய்ப் பாத்தியா?" ரெக்கார்டு எழுதும் வேலை இருந்தது. இன்று நாளை என்று பத்து நாள் ஓட்டிவிட்டு, என் பயிற்சியின் கடைசி வெள்ளிக்கிழமை மதியம்தான் உப்பளத்துக்குப் போனேன்.

வரிசையாகப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு நடுவில் அவளும்.

ஜெயா கரையேறி வந்தார். "அன்னிக்கு நீங்க வேணாம்னீங்களாமே சார். வூட்ல தனியா வுட முடியுமா? இட்டாந்தேன். மறுநாள் கெளம்புடின்னா, மாட்டேன்னுட்டா. அடிச்சிகூட பாத்துட்டேன். மேஸ்திரி சும்மா ஒக்கார வெக்காத, மிதிக்கட்டும்னாரு."

அருள்மொழியின் குதிகால் இரண்டும் வெடித்திருந்தன. வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி, ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

"ஏம்மா ஸ்கூலுக்கு வரல?"

"நான் வந்தா மார்க் போயிடும்னு சொன்னீங்க இல்ல சார்."

"அது அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்டா. மார்க்கெல்லாம் போட்டாச்சு. சார் பாஸ்."

"பாஸா?" முகம் முழுக்கச் சிரித்தாள். "யம்மா, சார் பாஸாம்!"

அந்தச் சிரிப்பை நான் தாங்கியிருக்கக் கூடாது. தாங்கினேன். நாலு வருடம் படித்தவன் இல்லையா.

"தப்பு என்னோடதும்மா. நீ சொன்னதுதான் கரெக்டு. திங்கக்கெழம வர்றியா?"

"நீங்க இருப்பீங்களா சார்?"

இருப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் நான் பாண்டிச்சேரிக்குத் திரும்ப வேண்டும்.

"எனக்கு இன்னியோட முடிஞ்சிடுச்சும்மா. மெஹரூன்னிசா டீச்சர் இருப்பாங்க. உன்ன தெனம் கேக்கறாங்க."

"அவங்கள பாக்கவும் ஆபீசர் வருவாங்க இல்ல சார்?"

வருவார்கள். வருடத்துக்கு இரண்டு முறை வருவார்கள். "வந்தா என்ன? நீ பாட்டுக்கு உக்காந்திரு," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரல் அது. ஏழு வயதுக்கு அது தெரியாமல் போகுமா?

"வாணாம் சார். டீச்சர் பாவம்."

ஜெயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் மேஸ்திரி கை தட்டினார்.

அருள்மொழி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகால் படாமல் விரல்களை மட்டும் ஊன்றிப் பாத்திக்குள் இறங்கினாள்.