கரி படிந்த இலைகள்

முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி சண்முகவடிவைப் பின்பக்கம் அனுப்பினார்கள். உள்ளே, காலையில் இறந்துபோன அவள் புருஷன் ஆண்டியப்பனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாளித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தவளுக்குத் தலை சுற்றியது. ஈரக் கையால் தோடம்பழ மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹட்டன் கடைத்தெருவில் வாங்கிய ஆரஞ்சுப் பழத்தின் விதையை ஊன்றி ஆண்டியப்பன் வளர்த்த மரம். ஐம்பத்தேழு வெள்ளத்துக்கு மறுவருஷம் காய்க்கத் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் இலையெல்லாம் கரி அப்பியதுபோலக் கறுத்துப் பிஞ்சுகள் உதிர்ந்தன. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரய்யா வீட்டு அடுப்புப் புகைதான் மரத்தைக் கொல்லுகிறதென்று ஆண்டியப்பன் சண்டைக்குப் போனார். தோட்டத் தலைவர் வந்து பேசியதில், வீரய்யாவின் பெண்சாதி அழகம்மா பின்பக்க அடுப்பை மூடிவிட்டு முன்பக்க இஸ்தோப்பில், திறந்த தாழ்வாரத்தில், சமைக்கலானாள். அப்படியும் மரம் தேறவில்லை. திருட்டுத்தனமாக எரிக்கிறார்கள் என்றார் ஆண்டியப்பன். இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனது.

சாவு வீட்டில் அடுப்பெரியக்கூடாது. இன்றைக்கு யாரும் கேட்காமலே தன் வீட்டு இஸ்தோப்பில் இவர்களுக்குச் சோறாக்க உட்கார்ந்திருந்தவள் அழகம்மாதான். சாரலில் விறகு பிடிக்காமல் அவள் ஊதி ஊதி இருமுவது இங்கே கேட்டது.

சண்முகவடிவு கையைப் பார்த்தாள். கறுப்பு ஒட்டியிருந்தது, விரல்கள் பிசுபிசுத்தன. புகைக்கரி பிசுபிசுக்காது. கை பட்டுத் துடைத்த இடத்தில் இலை பச்சையாக இருந்தது. போன மாதம் விட்ட துளிர்கூடக் கறுத்திருந்தது. இலையைத் திருப்பினாள். நடு நரம்பு நெடுக மிளகை நசுக்கி ஒட்டியதுபோலப் பழுப்புச் செதில்கள். ஒன்றை நகத்தால் நெம்ப, ஈரமாக நசுங்கியது. அடிமரத்தில் எறும்புகள் சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

கொழுந்து எடுக்கையில் இப்படிக் கறுத்த செடியை அவள் மலையில் கண்டிருக்கிறாள். சாறு குடிக்கிற பூச்சி விடும் இனிப்பு நீரில்தான் அந்தக் கறுப்பு பிடிக்கிறதென்று கங்காணி சொல்லியிருந்தார்.

ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். திருநீறு பூசி, புது வேட்டியில் கிடந்தவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம், லயமே கூடியிருக்கிற இன்றைக்கு அவரைப் பொய்யனாக்க வேண்டுமா? அழகம்மாவின் இருமல் மறுபடி கேட்டது.

வாசலில் பாடை கட்டுகிறவர்களிடமிருந்து விலகி, கை கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தார் வீரய்யா.

"அண்ணே, புகை இல்லண்ணே. பூச்சி." இலையைத் திருப்பிக் காட்டினாள். "அவரு தப்பா நெனச்சிட்டாரு. நானும் என்னா ஏதுன்னு பாக்காம இருந்துட்டேன்."

பாடை கட்டியவர்களின் கைகள் நின்றன. வீரய்யா இலையை வாங்கி, ஒரு செதிலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூங்கிலின் ஒரு முனையைப் போய்ப் பிடித்தார்.

இஸ்தோப்பில் அழகம்மா ஊதுகுழலைக் கீழே வைத்திருந்தாள். சண்முகவடிவு அவளிடம் போனாள்.

"மதினி, பின்னால கொண்டுபோய்ப் பத்தவைங்க. இங்க நனையுது."

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு, அழகம்மா சவுக்காரம் நுரைக்கக் கரைத்த வாளியோடு பின்பக்கம் வந்தாள். எறும்பு ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றிச் சாம்பலைக் கொட்டினாள்.

"தேறுமா வடிவு?"

"துளிர் விடுதுல்ல."

ஒவ்வொரு இலையாகத் திருப்பித் துடைத்தார்கள். கைக்கெட்டிய கிளைகள் முடிந்ததும், ஏறி நிற்கப் பலகை எடுத்துவர அழகம்மா போனாள்.