கூடைக்குப் போன மதியச் சாப்பாடு

மணி ஒன்று ஆனால் தையல்கடைக்காரி மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பாள். ஒன்று அவளுக்கு, மற்றது பட்டன் தைக்கிறவளுக்கு. மதியச் சாப்பாடு கடையில் என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே பேசிய பேச்சு.

தவக்காலம் பிறந்ததும் அது நின்றது.

"ஈஸ்டர் வரைக்கும் கடையில மதியச் சாப்பாடு கிடையாது. ஆண்டவருக்காக நான் தாங்குறேன்ல, நீயும் தாங்கு" என்றாள் கடைக்காரி. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருகிறவள் அவள். தாங்கத்தான் செய்வாள். இரண்டு பொட்டலத்தையும் கடையில் வெட்டி மிஞ்சிய துணியில் கட்டி, கோயிலில் பசித்தவர்களுக்காக வைத்திருந்த கூடையில் தினமும் காலைப் பூசையின்போது கொண்டுபோய் வைத்தாள். பூசைக்கு வருகிறவர்கள் பாராட்டினார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பட்டன்காரி தலையாட்டியதோடு சரி. எதிர்த்துப் பேசினால் வேலை போகும். ஒரு மணிக்கு அரை மணி நேரம் வெளியே போய்வர மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டாள். எங்கே என்று கடைக்காரி கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் ஒருநாள், கோயிலில் ஒரு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கூடையிலிருந்து பொட்டலம் கொடுக்கிற அம்மாவுக்குக் காய்ச்சல். "இன்னிக்கு மதியம் நீங்களே வந்து குடுத்துடுங்கக்கா" என்றார் கோயில் பணியாளர். கடைக்காரி பெருமையாக நின்று கொடுத்தாள். ஆறாவதாக நீண்ட கையில் ஊசி குத்திய தழும்புகள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எங்க இங்க?"

"தினமும் வர்றேன்க்கா. வீட்டுல இருக்கிறது பிள்ளைங்களுக்கே பத்தல. கடையில ஒரு வேளை கிடைச்சுது, அதுவும் நின்னுபோச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நான் என்னத்தச் சொல்ல?" பொட்டலத்தின் துணியைத் தடவிப் பார்த்தாள். "இது நம்ம கடைத் துணிதான். அதே சாப்பாடுதான்க்கா. முன்ன உக்காந்து சாப்பிட்டேன், இப்ப வரிசையில நிக்கிறேன். அவ்ளோதான்."

"கதைய அப்புறம் பேசுங்கம்மா, பசிக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுநாள் ஒரு மணிக்குக் கடைக்காரி மெஷினை நிறுத்தினாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பட்டன்காரி முன்னால் வைத்தாள்.

"உபவாசம் என்னாச்சுக்கா?"

"அது என்னோடது, நடக்கும். என் பங்கு கூடைக்குப் போகும். இது உனக்குப் பேசின சாப்பாடு. அடுத்தவ தட்டுல இருந்து எடுத்துக் குடுத்தா அது தர்மம் இல்லம்மா, திருட்டு. சாப்பிடு."