ஐந்தாம் எண் பட்டன்

உலகத்திலேயே லிஃப்டைத் தனியாக ஓட்டத் தெரிந்த ஒரே நாய் தன் வீட்டில்தான் சாப்பிடுகிறது என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னபோது, அந்த ஆறு மாடிக் கட்டடமே சிரித்தது. சிரித்த சிரிப்பில் மாடித் தொட்டித் தண்ணீர் தளும்பிக் கீழே வழிந்தது.

"பட்டனை அதுவே அமுக்குது. கதவு சாத்துது. மேல போய் மொட்டை மாடியில காத்து வாங்கிட்டு அரை மணியில திரும்பி வருது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அந்த ரெண்டு கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் நான்தானே அத்தான்? அதுல அவ்வளவு பவர் கிடையாதே" என்றார் மச்சினர்.

மச்சினர் என்றால் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. முப்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்துவிட்டுப் போன வருடம் மூடியவர். ஐந்தாவது மாடியில் தனிக்கட்டை. கடையை மூடியதிலிருந்து பேப்பர் வாங்கவும் அத்தானைக் கிண்டல் செய்யவும் மட்டுமே கீழே வருவார். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. "நாயாவது, பட்டனை அமுக்கறதாவது! புளுகுக்கும் ஒரு மாடி எண்ணிக்கை வேணாமா?" என்று வாரத்துக்கு நான்கு தடவை கேட்டார்.

நாய் வந்த கதை இதுதான். மெக்கானிக்கின் கடைசி வேலை நாள். பூட்டிக் கிடந்த ஒரு அலுவலகத்தின் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. இறங்கித் தூக்கியபோது கையில் வந்தது நாயா, கிரீஸ் டப்பாவா என்று தெரியவில்லை. நான்காவது குளிப்பாட்டலில் மெக்கானிக் கறுப்பானார். ஆறாவதில் நாய் வெள்ளையானது. 'கிரீஸ்' என்ற பெயர் மட்டும் கழுவக் கழுவப் போகவில்லை. குழிக்குள் விழுந்ததில் அதன் பின்னங்கால் ஒன்று லேசாக இழுத்தது. அவர் வீட்டு வழவழப்புத் தரையில் நாய் ஓடினால் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் நிற்கும். "பாருங்க, சறுக்கு விளையாட்டு!" என்று அவர் கை தட்டுவார்.

நாயைக் காட்டப் போன விலங்குக் காப்பகத்து டாக்டரம்மா கண்டிப்பானவர். மூன்று மாதம் மெக்கானிக் தற்காலிகப் பொறுப்பாளர்; அதற்குள் நிரந்தர வீடு பார்த்துவிட வேண்டும். மனைவியிடம் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மூணே மாசம். அதுக்கு மேல ஒரு நாள் இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"வேணாம். பேரை மாத்தினா பென்ஷன் நின்னுடும்" என்றார் மனைவி.

பத்தாவது நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த நாயை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று. ஆனால் சொன்ன வாயை எங்கே கொண்டு போய் வைப்பது? ஆகவே ஒரு திட்டம் போட்டார். வருகிறவர்களையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தள்ளிவிடுவது. கடைசி நாளில் பெருமூச்சு விட்டு, "யாருமே சரியா அமையலை. என்ன செய்ய, என் தலையெழுத்து, நானே வெச்சுக்கறேன்" என்பது.

பதினேழு குடும்பங்கள் வந்தன. பேக்கரிக்காரரையும் மனைவியையும், "உங்க வீட்டு வாசனையிலேயே நாய் உருண்டையாயிடும்" என்று அனுப்பினார். வயலின் வாத்தியாரிடம், "அதுக்கும் காது இருக்குங்களே" என்றார். ஒரு பல் டாக்டர் வந்தார். பொறுமைசாலி, வீட்டைச் சுற்றித் தோட்டம், குறை சொல்ல ஒரு இடமில்லை. மெக்கானிக்குக்குக் கொஞ்சம் வியர்த்துவிட்டது.

"உங்க வீட்டு லிஃப்ட் எந்தக் கம்பெனி?"

"லிஃப்டா? எங்களுது தனி வீடுங்க."

"ஐயோ, அப்ப முடியாது. பழகின வசதி இல்லாம ஏங்கிப்போயிடும்."

சாயங்காலமானால் லிஃப்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இந்த வெற்றிகளையெல்லாம் ஒரே ஒரு ஆளிடம் கொட்டித் தீர்ப்பார். அது மச்சினர்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே மாப்ளே. முக்கியமா உங்க அக்காகிட்ட."

"சொல்வேனா அத்தான்?" என்று மச்சினர் தும்முவார். நாய் முடி அவருக்கு ஆகாதாம். நாய் இருக்கும் வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

அந்த லிஃப்டைப் பொருத்தியதே மெக்கானிக்தான். சக்கர நாற்காலிக்காரர்களுக்காக இரண்டாவதாக ஒரு பட்டன் வரிசை வைத்தபோது அளவு தப்பி, முழங்காலுக்குச் சற்று மேலே வைத்துவிட்டார். ஆள் இல்லாத நேரத்தில் லிஃப்ட் தரைத்தளத்தில் கதவைத் திறந்துகொண்டு நிற்கும்படி செய்ததும் அவரே; அவர் வீடு தரைத்தளம். எந்த மாடியில் நிற்கிறது என்று காட்டும் விளக்கு மட்டும் எரிவதில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்ணியவர் அதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவந்தார். தினமும் காலையில் பட்டன்களைத் துடைப்பதோடு சரி. கீழ் வரிசையில் ஐந்தாம் எண் மட்டும் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். ஆறாவது மாடி இரட்டைப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே துடைப்பார்.

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சை நான்கு விதமாக விட்டுப் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். டாக்டரம்மா படிவத்தோடு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"யாருமே சரியா அமையலை டாக்டர். என்ன செய்ய, என் தலை..."

"அமைஞ்சாச்சே சார்! உங்களுக்குத் தெரியாதா? இருபது நாளைக்கு முன்னாடியே மனு வந்துடுச்சு. நான் வீட்டைப் பார்த்துட்டேன், பிரமாதம். நீங்க பொறுப்பை ஒப்படைச்சு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"எந்த வீடு?"

"இந்தக் கட்டடம்தான். அஞ்சாவது மாடி."

மூன்றாவது பெருமூச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தார். மச்சினரின் கையெழுத்து. அதன் கீழே, அக்கம்பக்கத்தார் சாட்சி என்ற இடத்தில், தன் மனைவியின் கையெழுத்து.

"நீயுமா?"

மனைவி அசரவில்லை. "மூணு மாசம்னு சொன்னது நீங்க. வெச்சுக்கணும்னு ஆசை இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊருக்கெல்லாம் பரீட்சை வெச்சீங்க, வீட்டுல இருக்கறவகிட்ட வாய் திறக்கலை."

மெக்கானிக் படிவத்தோடு எழுந்தார். வாசலுக்குப் பாய்ந்தார். அவருக்கு முன்னால் கிரீஸ் பாய்ந்து லிஃப்டில் ஏறியது. அவரும் டாக்டரம்மாவும் மனைவியும் ஏறினார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. நாய் கீழ் வரிசைக்கு மூக்கைக் கொண்டுபோய், ஐந்தாம் எண்ணை ஒரு நக்கு நக்கி, ஒரு முட்டு முட்டியது. லிஃப்ட் கிளம்பியது. மொட்டை மாடியாம், காற்றாம்! அந்த ஐந்து மாடியும் ஏறியது மெக்கானிக்குக்கு இறங்குகிற மாதிரியே இருந்தது.

மச்சினர் கதவைத் திறந்தார். நாய் உள்ளே ஓடி அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

"அடப்பாவி! தும்மல் எங்கடா?"

"அது... சும்மா தும்மினது, அத்தான்."

"என் மனசுல இருந்ததையெல்லாம் உன்கிட்டதானேடா கொட்டினேன்! கேட்டுக்கிட்டே இருந்து கழுத்தை அறுத்துட்டியே!"

"சொல்லணும்னு தினமும் நினைப்பேன். நீங்க சந்தோஷமா பேசறப்ப வாய் வராது. கடையை மூடினப்புறம் என் வீட்டுக் கதவை வந்து தட்டினது இது ஒண்ணுதான், அத்தான்."

மெக்கானிக் நாயைப் பார்த்தார். "கிரீஸ், வா. போலாம்."

நாய் வாலை ஆட்டியது. நன்றாகவே ஆட்டியது. எழுந்திருக்கத்தான் இல்லை. கையெழுத்துப் போட முடியாது என்று கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் அவர் தரையைக் கவனித்தார். கூடம், சமையலறை, படுக்கையறை எங்கும் ரப்பர் விரிப்பு. ஓரங்களை அளவெடுத்து வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு?"

"அதோட பின்னங்கால் வழுக்குது. வழுக்கறப்பல்லாம் வலிக்குது, அத்தான். முகத்தைப் பார்த்தா தெரியும்."

மெக்கானிக் விரிப்பைக் காலால் தேய்த்துப் பார்த்தார். தான் மூன்று மாதமாகக் கை தட்டியது அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு டாக்டரம்மாவிடம் கையை நீட்டினார். "பேனா கொடுங்க." வாங்கிக்கொண்டார், ஆனால் எழுதவில்லை. சத்தத்தைக் கேட்டு மேல் மாடியும் கீழ் மாடியும் படிக்கட்டில் கூடியிருந்தன. பேனாவை மச்சினரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மூணு மாசமா இந்தக் கட்டடத்துல என்னைப் புளுகன்னு சொன்னே. உள்ள எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே சொன்னே. உன்னை இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன், அது வேற. இப்ப இத்தனை பேர் முன்னாடி உண்மையைச் சொல்லு. அப்பதான் கையெழுத்து."

மச்சினர் படிக்கட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தன் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

"அமுக்குச்சு" என்றார். "தினமும் அதுதான் அமுக்கிட்டு வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன், அத்தான். நான் பட்டன்ல வெண்ணெய் மட்டும்தான் தடவினேன்."