சஷ்டிக்குக் கழுவிய பிரீசர்

கந்தசஷ்டிக்கு முதல் நாள் பிரீசரைக் காலிசெய்து கழுவினேன். ஆட்டிறைச்சியும் மீனும் பக்கத்து வீட்டு டேனிஷ்காரிக்குப் போயின. மகள் சாரங்கா தான் வளர்க்கும் விஷமற்ற சோளப்பாம்புக்கு வாங்கி அடுக்கியிருந்த உறைந்த எலிகளைக் குப்பையில் கொட்டினேன். விரத வீட்டில் பிணம் எதற்கு? அவள் பாம்பை எங்கள் தலையில் கட்டிவிட்டு ஓல்போர்க் நகரில் படிக்கிறாள்.

நான்காம் நாள் என் கணவருக்குப் பட்டினி கிடந்த பாம்பின்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. கராஜில் பொறிவைத்துப் பிடித்த எலியை உயிரோடு கண்ணாடிப்பெட்டிக்குள் விட்டார்.

பூசை முடித்துச் செம்பும் கையுமாக வந்தால், பாம்பின் தலையில் எலி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணைக் குதறி முடித்திருந்தது. கண்ணாடியெல்லாம் இரத்தம்.

"எடுங்கோ அதை!" என்று கத்தினேன். அவர் கதவோரம் ஒதுங்கினார். நானே பெட்டிக்குள் கையை விட்டேன். எலி என் விரலைக் கவ்விக்கொண்டது. வந்த ஆத்திரத்தில் அதை மேசையில் அமுக்கிச் செம்பால் அடித்தேன். மண்டை நசுங்கிய பிறகும் அடித்தேன்.

"நிரோஜினி, காணும்! அது எப்பவோ செத்திட்டுது," என்றார் அவர்.

சாரங்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம். "பிரீசர் நிறைய வாங்கி வைச்சனானே, அம்மா. செத்த எலி ஒருத்தரையும் கடிக்காது," என்றாள்.

செம்பைக் கழுவினேன். தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. விரதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.