இடப்பக்கத்து ஊசிச்செடிகள்

அந்தச் செடிக்குச் சைப்ரஸோ என்னமோ பேர். நாங்கள் ஊசிச்செடி என்றுதான் சொன்னோம். ஆள் உயரம், இரண்டு கைக்குள் அடங்குகிற பருமன், உச்சியில் கூர். பூ கிடையாது, காய் கிடையாது, ஒரு கோழி ஒதுங்க நிழல் கிடையாது. இதைப் போய் பெங்களூரிலிருந்து லாரி வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கழனிகளை வாங்கிக் கம்பெனி கட்டினார்களே, அதன் கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நட்டார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு.

என் வீட்டுக்காரர் நாகப்பனுக்கு அங்கே தோட்ட வேலை. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கினார்கள். வாங்கிய பிறகு, தோட்டத்துக்கு ஒரே ஒரு பர்மனென்ட் இடம்தான் என்றார்கள். சூப்பர்வைசர் விமல்ராஜ் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துவிட்டான். இடப்பக்கம் இவருக்கு, வலப்பக்கம் பரசுராமனுக்கு. ஆவணியில் திறப்பு விழா. அன்றைக்கு எவன் பக்கம் நன்றாக நிற்கிறதோ அவனுக்கு வேலை, மற்றவன் வீட்டுக்கு.

பரசுராமன் எங்கள் தெருக்காரன்தான், அவனும் நிலம் கொடுத்தவன். அவன் கழனியில் நெல்லைவிடக் கோரைதான் அதிகம் விளையும். களை எடுக்கச் சொன்னால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், சீட்டாடக் கூப்பிட்டால் சரியாகிவிடும். அவனோடு போட்டி என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேலை எங்களுக்குத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இவர் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வரப்பு மாதிரி கரை அணைத்து, தளும்பத் தளும்பத் தண்ணீர் கட்டினார். நாற்று நட்ட கழனி மாதிரி இருந்தது. மண் காய்ந்தால் மட்டும் ஊற்று என்று விமல்ராஜ் சொன்னானாம். நெல் போட்டவனுக்கே தண்ணீர் கட்டச் சொல்லித்தருகிறான் பார் என்று வீட்டில் வந்து சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பரசுராமனோ குழாயைத் திறக்கவே சோம்பல்பட்டு ஷெட்டுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தான்.

சித்திரையில் இவர் செடிகள் அடியிலிருந்து பழுக்க ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்றார். குழாய் நின்றுபோன நாட்களில் நான் ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். வைகாசியில் பாதிச் செடிகள் துடைப்பமாக நின்றன. எதிர்ப்பக்கம் பார்த்தால் அந்தச் சோம்பேறியின் வரிசை கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. வயிறு எரிந்தது. திருட்டுத்தனமாக மருந்து ஊற்றியிருக்கிறான் என்று அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். அவன் பெண்டாட்டி முனியம்மாள் துடைப்பத்தை எடுத்து அந்த மண்ணைக் கூட்டித் தள்ளினாள். திருப்பித் திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

ஆடி முடிவதற்குள் மேனேஜர் வந்து பார்த்தார். அப்போது நான் மதியச் சோறு கொண்டுபோயிருந்தேன். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பரசுராமன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு பக்கம் மட்டும் நின்னா அசிங்கமா இருக்கும். ரெண்டு பக்கத்தையும் பிடுங்கிடுங்க" என்று விமல்ராஜிடம் சொன்னார்.

மெட்ராஸ் காண்ட்ராக்ட்காரன் தொட்டியோடு குரோட்டன்ஸ் கொண்டுவந்து வைப்பானாம், அவன் ஆளே தண்ணீரும் ஊற்றுவானாம். பரசுராமனின் பல் உள்ளே போனது. ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது, சொல்வதற்கு என்ன வெட்கம். அப்புறம்தான் எங்கள் வாயிலும் மண் விழுந்தது உறைத்தது.

பிடுங்குகிற வேலையையும் இவர்கள் இரண்டு பேர் தலையிலேயே கட்டினார்கள். இவர் முதலில் தன் செடி ஒன்றைக் கடப்பாரை போட்டுக் கிளப்பினார். குழிக்குள் தண்ணீர் நின்றது. வேர் கறுத்து நாறியது, தொட்டால் தோல் கையோடு வந்தது. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பரசுராமன் செடி ஒன்றைக் கிளப்பினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று புது வேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

கழனி போன அன்றைக்கு இந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தொழில் கையில் இருக்கிறது, வாலாஜாபாத் பக்கம் குத்தகைக்கு எடுத்தாவது பயிர் வைப்பேன் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர். இப்போது கையெல்லாம் சேறாக என்னை அண்ணாந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தியே கொன்னுகீறேன்மே. எனக்கு இன்னா பயிர் வெக்கத் தெரியும்? கழனி போனதே சரிதான்."

கழனியை வாங்கினவன்கூட அந்த வார்த்தையை எங்கள் மூஞ்சிக்கு நேரே சொன்னதில்லை. வாயை மூடுய்யா என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார்.